நாற்பத்தாறு தொப்பிகள்

ஏப்ரல் 10, திங்கள்

காலையில் கோயமுத்தூரிலிருந்து பிருந்தா போன் செய்தாள். மே இரண்டாவது வாரம் மாப்பிள்ளைக்கு நான்கு நாள் லீவு கிடைக்கிறதாம். எல்லோருமாக மாமல்லபுரம் பக்கம் கடலுக்குப் போய் வரலாம் என்கிறாள். பேத்தி நேத்ராவுக்கு ஒன்பது வயதாகிவிட்டது, இன்னும் கடலைப் பார்த்ததில்லை.

"என்னை அந்த வயசுல நீங்க கூட்டிட்டுப் போனீங்கல்லம்மா, ஸ்கூல் டூர்ல" என்றாள்.

ஆமாம் என்றேன். பால் பொங்கி வழிந்துவிட்டது. போனை வைத்துவிட்டு அடுப்பைத் துடைத்தேன்.

இரண்டு இடங்களின் படங்களை அனுப்பியிருக்கிறாள். ஒன்று ரோட்டோரத்துச் சின்ன விடுதி. பின்பக்கக் கேட்டைத் திறந்தால் பொதுக் கடற்கரை. இன்னொன்று பெரிய ரிசார்ட், தனிக் கடற்கரை, தென்னைகளுக்கு நடுவே குடில்கள். வாடகை முதல் இடத்தைப் போல நான்கு மடங்கு. "அது சும்மா பாத்துப் பெருமூச்சு விடறதுக்கு" என்று கீழே எழுதியிருக்கிறாள்.

முப்பத்தைந்து வருடம் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்திய பழக்கம். முதலாவதை 'அ' என்றும் இரண்டாவதை 'ஆ' என்றும் குறித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 12, புதன்

இரண்டு இடத்துக்கும் போன் செய்து ஒரே கேள்விகளைக் கேட்டேன். கேள்வித்தாள் ஒன்றாக இருந்தால்தான் மதிப்பெண்ணை ஒப்பிட முடியும்.

'அ'வின் முதலாளி நல்ல மனிதர். இட்லிக்கு இரண்டு சட்னி என்றார், வெந்நீர் உண்டு என்றார். கடலில் குளிக்கிறவர்களை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டேன். "கடல்னா அலை இருக்கத்தாம்மா செய்யும். போர்டு வெச்சிருக்கோம்" என்றார்.

'ஆ'வில் ஒரு பெண் பேசினாள். உயிர்காப்பாளர் இரண்டு பேர். கயிறு கட்டிய பகுதி. குழந்தைகளுக்கு லைஃப் ஜாக்கெட். கொடி சிவப்பாக இருந்தால் யாரையும் இறங்க விடமாட்டார்களாம்.

என் வீட்டுக்காரர், திண்ணையில்லாத எங்கள் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், காதை இங்கேதான் வைத்திருந்தார். "ஏம் புள்ள, இட்லியப் பத்தி ஒரு கேள்வி, தண்ணியப் பத்தி ஒம்போது கேள்வியா?" என்றார்.

மின்வாரியத்தில் இருந்தவர். மீட்டர் ஓடுவதைக் கவனிக்கிற கண் இன்னும் போகவில்லை.

ஏப்ரல் 16, ஞாயிறு

பிருந்தாவும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். 'ஆ'வுக்கே போகலாம் என்று சொன்னேன். கூடுதல் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

மாப்பிள்ளை தோசையைப் பிட்டபடியே, "எதுக்குங் அத்தை? ரூம்ல எங்க இருக்கப் போறோம்? தூங்கறதுக்குத்தானே" என்றார்.

நான் காரணங்கள் சொன்னேன். குளியலறை சுத்தமாக இருக்கும். மெத்தை நல்லது, இவருக்கு இடுப்பு வலி. ஓர் எடுத்துக்காட்டும் சொன்னேன்: மலிவான குடை வாங்கினால் முதல் மழையிலேயே தெரிந்துவிடும், குடைக்கு மிச்சம் பிடித்த காசு மருந்துக்குப் போகும்.

பிருந்தா தட்டைத் தள்ளி வைத்தாள். "அப்பா ஆபரேஷனுக்கே ஜெனரல் வார்டு போதும்னவங்க நீங்க. கொத்தமல்லிக் கட்டுக்குச் சந்தையில பேரம் பேசறவங்க. இப்ப மெத்தையா? என்னம்மா விஷயம்? உங்களுக்கு உடம்புக்கு ஏதாச்சுமா?"

"ஒண்ணுமில்ல கண்ணு."

"அப்ப அந்தச் சின்ன விடுதிதான். அவ்வளவு காசக் கொட்டி நாலு நாளும் உறுத்திட்டே இருக்க என்னால முடியாது."

"அப்ப நேத்ரா வர வேண்டாம்" என்றேன்.

அப்படிச் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. வாயில் வந்துவிட்டது. நேத்ரா பக்கத்து அறையில் நீச்சல் உடையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டிருப்பாள்.

ஏப்ரல் 17, திங்கள்

பிருந்தா போன் செய்யவில்லை. வடகம் காயப்போட்டேன்.

ஏப்ரல் 22, சனி

செங்கல்பட்டில் பழைய சக ஆசிரியை வீட்டுக் கல்யாணம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். கல்யாணம் உண்மைதான். ஆனால் அது நாளைக்கு. இன்று மதியமே பஸ் பிடித்து இரண்டு விடுதிகளையும் பார்த்துவிட்டேன்.

எங்கள் பள்ளியில் இது வழக்கம். பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போவதற்கு முன்னால் ஓர் ஆசிரியை தனியாகப் போய்ப் பார்த்து வர வேண்டும். குழாய் எத்தனை, கழிப்பறை எத்தனை, இரவு படுக்க இடம் எப்படி. தொண்ணூற்றாறில் நான்தான் போனேன். குழாய் நான்கு என்று எழுதினேன். கடலைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. கடல் கடலாகத்தானே இருக்கும் என்று நினைத்திருப்பேன்.

'அ'வின் கேட்டுக்குப் பின்னால் போர்டு இருந்தது. அதன் மேல் யாரோ துண்டு காயப்போட்டிருந்தார்கள்.

'ஆ'வில் உயிர்காப்பாளரின் பெயர் தேசிங்கு. பக்கத்து மீனவர் குப்பத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும். உயரமான நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை எடுக்காமலே பேசினார்.

"எண்ணிக்கினே இருப்போம்மா. கால் மணிக்கு ஒரு தபா விசில் அடிச்சு எண்ணுவோம்."

"எப்படி எண்ணுவீங்க?"

"புள்ளைங்க எல்லாம் ஆரஞ்சு ஜாக்கெட்டு. ஆரஞ்ச எண்ணுவேன். எட்டு இறங்குச்சா, எட்டு இருக்கா. கணக்கு சரியா வந்தா ஆளு சரியா இருக்குன்னு அர்த்தம்."

"யார் யாருன்னு பார்ப்பீங்களா?"

"தண்ணியில மூஞ்சி எங்கம்மா தெரியும்?"

மணலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் நாற்காலியில் இருந்தபடியே இன்னொருவரைக் கூப்பிட்டு எனக்கு மோர் கொண்டுவரச் சொன்னார். கடல் பக்கமிருந்து மட்டும் அவர் முகத்தைத் திருப்பவில்லை. அதற்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

அலுவலகத்தில் முன்பணம் கட்டிவிட்டேன். பிருந்தாவைக் கேட்கவில்லை.

ஏப்ரல் 27, வியாழன்

ரசீது என் கைப்பையில் இருந்ததை இவர் பார்த்துவிட்டார். கோபப்படவில்லை. எதிரில் உட்கார்ந்தார்.

"குணம், மயிலாத்தா நெனப்பா?"

இருபத்தேழு வருடத்தில் இந்த வீட்டில் அந்தப் பெயரை மூன்று முறைக்கு மேல் யாரும் சொன்னதில்லை.

"எத்தன வருசமாச்சு. டீச்சர்க பேச்சக் கேக்காம அந்தப் புள்ளையே தண்ணிக்குள்ள இறங்கிட்டா. உன்ற தப்பு என்ன இருக்குது அதுல?"

கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஆய்ந்து முடித்தேன்.

பிருந்தாவிடம் அவரே பேசிச் சம்மதிக்க வைத்துவிட்டார். என்ன சொன்னார் என்று தெரியாது. நேத்ரா போனில், "அம்மாயி, நானும் வரலாமா?" என்று கேட்டாள். வா சாமி என்றேன்.

மே 2, செவ்வாய்

பிள்ளைகளுக்கு நான் அடிக்கடி சொல்வது: விடை சரியாக இருந்தாலும் வழி தவறென்றால் மதிப்பெண் இல்லை. சில பிள்ளைகள் அழுவார்கள். "விடை சரிதானுங்களே டீச்சர்" என்பார்கள். இரண்டு தவறு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சரியான விடை வருவதுண்டு, அதுதான் மிகவும் ஆபத்தானது, ஏனென்றால் யாருக்கும் சந்தேகம் வராது என்று விளக்குவேன்.

தெரிந்துதான் விளக்கினேன்.

1996 ஜனவரி. எட்டாம் வகுப்புப் பெண்கள் நாற்பத்தாறு பேர். தெற்கே ஒரு கடற்கரை. பட்டியலில் இல்லாமல் கூட வந்தது என் மகள் பிருந்தா. ஆசிரியைகள் தங்கள் பிள்ளைகளைச் சுற்றுலாவுக்குக் கூட்டி வருவது அப்போது சாதாரணம். என்னோடு முன் சீட்டில் உட்கார்ந்து வந்தாள்.

மயிலாத்தாள் வகுப்புத் தலைவி. நம்பியூர்ப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் தறி ஓட்டுகிறவர்களின் மகள். கரையில் ஒரு பாறை இருந்தது. அவளை அதன் மேல் நிறுத்தினேன். "இதைத் தாண்டி ஒருத்தரையும் விடாதே. நான் வந்து கூப்பிடற வரைக்கும் இங்கிருந்து நகராதே" என்றேன். சரிங் டீச்சர் என்றாள்.

சாயங்காலம் எல்லோரும் பனையோலைத் தொப்பி வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். டிரைவர் அவசரப்படுத்தினார். வகுப்பில் ஒரு நாள்கூட நான் பெயர் கூப்பிடாமல் வருகை எடுத்ததில்லை. அன்று பஸ்ஸின் முன்னால் நின்று தொப்பிகளை எண்ணினேன். நாற்பத்தாறு. சரியாக வந்தது. போகலாம் என்றேன்.

பிருந்தா எழுந்து பின் சீட்டுக்கு அக்காக்களோடு உட்காரப் போயிருந்தாள். அவளும் தொப்பி போட்டிருந்தாள். தலைவி எப்போதும் போல டீச்சர் பக்கத்தில் இருப்பாள் என்று பின்னால் இருந்த பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள்.

அலை ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. அடுத்த நிறுத்தத்தில் அவள் இல்லை என்று தெரிந்து திரும்பியபோது பாறை தண்ணீருக்குள் இருந்தது.

மே 3, புதன்

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. அறிக்கை. 'ஆசிரியைகளின் அறிவுரையை மீறி, அனுமதியின்றிக் கடலில் இறங்கியதால்' என்று தலைமையாசிரியை எழுதினார். பள்ளிக்கூடத்தின் பேர் இருக்கிறது, உன் வேலை இருக்கிறது, உனக்கும் ஒரு பெண் குழந்தை இருக்கிறது என்றார். கீழே என் கையெழுத்தும் இருக்கிறது.

நான் ஓய்வு பெற்ற நாளில் மயிலாத்தாளின் அம்மா ராமாத்தாள் பள்ளிக்கு வந்திருந்தார். ஒரு சீப்பு பூவன்பழத்தைக் கையில் கொடுத்து, "என்ற புள்ள பேச்சக் கேக்காம உங்களுக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டாளுங் டீச்சர். மனசுல வெச்சுக்காதீங்க" என்றார்.

பழத்தை வாங்கிக்கொண்டேன்.

மே 11, வியாழன். ரிசார்ட்

வந்து சேர்ந்தோம். வரவேற்பில் இளநீர். குளியலறை எங்கள் சமையலறையை விடப் பெரிது. இவர் மெத்தையில் உட்கார்ந்து பார்த்து, "எந்திரிக்கறதுக்குத்தான் ஆள் வேணும்" என்றார். மாப்பிள்ளை சிரித்தார். பிருந்தா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேத்ராவிடம் இரண்டு விதி சொன்னேன். கயிற்றைத் தாண்டக் கூடாது. ஜாக்கெட் இல்லாமல் தண்ணீருக்குள் போகக் கூடாது. திருப்பிச் சொல்லச் சொன்னேன். சொன்னாள்.

மே 12, வெள்ளி. ரிசார்ட்

பச்சைக் கொடி. குடையின் கீழ் நாற்காலியில் காலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். தேசிங்கு எண்ணினார். நானும் எண்ணினேன். இவர் பொங்கல் கொண்டுவந்து கொடுத்தார். ஆறிப்போயிற்று.

பிருந்தா வந்து பக்கத்தில் நின்றாள். "இவ்வளவு காசு குடுத்து வந்து இப்பிடிக் காவல் காக்கறதுக்கு, வீட்டுலயே இருந்திருக்கலாம்மா."

"நீ போய்க் குளி கண்ணு."

"நீங்க காலாச்சும் நனைங்க."

முடியாது என்றேன்.

மே 13, சனி. ரிசார்ட்

இதை இன்றே எழுத வேண்டும்.

பத்தரை மணிக்கு விசில். தேசிங்கு எண்ணினார். எட்டு ஆரஞ்சு. கட்டை விரலைக் காட்டினார். நானும் எண்ணினேன், எட்டு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு முகங்களைப் பார்த்தேன். இரண்டு நாளாக அப்படித்தான் செய்கிறேன், அவர் ஆரஞ்சை எண்ணட்டும், நான் முகத்தை எண்ணுகிறேன் என்று.

எட்டாவது ஜாக்கெட்டில் இருந்தது நேத்ரா இல்லை. தலைமுடி குட்டையாக வெட்டிய வேறு ஒரு பெண்.

நான் கத்தினேனா என்று தெரியவில்லை. செருப்போடு, புடவையோடு தண்ணீருக்குள் போய்விட்டேன். இடுப்பளவு வந்ததுதான் தெரியும். நான் கூப்பிட்டது நேத்ராவின் பெயர் இல்லை என்று இவர் பிறகு சொன்னார்.

தேசிங்கு குதித்து ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்தார். "சரியாத்தானம்மா இருக்குது, எட்டும் இருக்குது" என்றார்.

"எட்டு இருக்குது, அவ இல்லை" என்றேன்.

அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். அந்த முகம் எனக்குத் தெரியும். விசிலை விடாமல் ஊதினார். எல்லோரையும் கரையேற்றினார்கள். மாப்பிள்ளை கயிற்றுக்கு அந்தப் பக்கம் நீந்தினார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஐந்து நிமிடம் என்கிறார்கள்.

கரையில், குடில்களுக்குப் பக்கத்தில், கால் கழுவும் குழாயடியில் நேத்ரா உட்கார்ந்து சிப்பிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். விசில் சத்தம் கேட்டு எழுந்து வந்தாள். கை நிறையச் சிப்பி.

"அந்த அக்கா ஜாக்கெட்ல பக்கிள் உடைஞ்சு போச்சு அம்மாயி. அதான் என்னோடதைக் குடுத்தேன். ஜாக்கெட் இல்லாம தண்ணிக்குள்ள போகக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவ்வளவு பேரும் கடலுக்குள் தேடினோம். கரைப்பக்கம் திரும்பிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். காணாமல் போன பிள்ளை என்றால் சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளை என்று, நான் கையெழுத்துப் போட்ட வாக்கியத்தை நானே நம்பிவிட்டேன் போலிருக்கிறது.

மே 14, ஞாயிறு. ரிசார்ட்

சொல்லிவிட்டேன். காலையில் நேத்ராவை இவரிடம் விட்டுவிட்டு, பிருந்தாவைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து, முதலிலிருந்து சொன்னேன். பாறை. தொப்பிகள். நாற்பத்தாறு. அறிக்கை.

நான் இருபத்தேழு வருடமாகப் பயந்த கேள்வியை அவள் கேட்டாள்.

"நான் பின் சீட்டுக்குப் போனதாலயாம்மா?"

"இல்லை."

"நான் முன்னாலயே உக்காந்திருந்தா நாப்பத்தஞ்சுதான் வந்திருக்கும். நீங்க தேடியிருப்பீங்க."

"பிருந்தா, இங்க பாரு. ஒரு கணக்கு தப்பாப் போச்சுன்னா எண்ணைக் குத்தம் சொல்ல முடியாது. எண்ணினவளைத்தான் சொல்லணும். நீ ஒம்போது வயசுப் புள்ள, அக்காக்களோட உக்காரப் போனே. பேர் கூப்பிட வேண்டியது நான்."

"இதுக்காகத்தான் யாருகிட்டயும் சொல்லலையா? எனக்குத் தெரிஞ்சிரும்னா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அழகாக இருந்திருக்கும். பாதி அதற்காக என்றேன். மீதிப் பாதி என் வேலைக்காக என்றேன்.

அவள் எழுந்து போய்விட்டாள். மதியம் சாப்பிட வரவில்லை. சாயங்காலம் வந்து என் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "அவங்கம்மா இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"இருக்காங்க."

"எப்பப் போறீங்க?"

மே 17, புதன்

வீடு வந்து இரண்டு நாளாகிறது. துணி துவைத்தேன். புடவை மடிப்பில் இன்னும் மணல்.

மாப்பிள்ளை போனில், "அவ்வளவு காசுக்குத் தகுமுங்களா அத்தை, அந்த இடம்?" என்று கேட்டார். நேர்மையாகப் பதில் சொல்ல யோசித்தேன். கயிறு தகும். தேசிங்கு தகும். சனிக்கிழமை மதியத்திலிருந்து அவர் ஒவ்வொரு குழந்தையிடமும் பெயர் கேட்டு எழுதிக்கொண்டுதான் ஜாக்கெட் கொடுத்தார். ஆனால் அந்த நான்கு மடங்கைக் கொடுத்து நான் வாங்கப் போனது அங்கே விற்பனைக்கு இல்லை. இதையெல்லாம் மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? "மெத்தை நல்லா இருந்துதுங்க" என்றேன்.

மே 19, வெள்ளி

நாளைக்கு நம்பியூர் போகிறேன். இவரும் வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். நேற்றுதான் இவரிடமும் சொன்னேன். இன்று காலை வரை என்னோடு பேசவில்லை. பிறகு என் செருப்பு வார் அறுந்திருந்ததைத் தைத்துக்கொண்டுவந்து வாசலில் வைத்தார்.

மே 20, சனி

பிருந்தா கோயமுத்தூரிலிருந்து நேராக நம்பியூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டாள். அவள் வருவதாகச் சொல்லவில்லை. சேர்ந்து நடந்தோம்.

ராமாத்தாளுக்கு எழுபது வயதிருக்கும். தறிச் சத்தம் இப்போது மகன் வீட்டுப் பக்கம். எங்களைப் பார்த்ததும் முந்தானையால் கட்டிலைத் தட்டிவிட்டு, "வாங்க டீச்சர், உக்காருங்க. பாப்பா உங்க பொண்ணுங்களா? அப்பிடியே உங்க சாயல்" என்றார். மருமகள் தண்ணீர் கொண்டுவந்தாள்.

எப்படித் தொடங்குவது என்று பஸ்ஸில் பல எடுத்துக்காட்டுகளை யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் உதவவில்லை.

"மயிலா தண்ணியில இறங்கலைங்க" என்றேன். "நான் ஒரு பாறை மேல நிக்கச் சொன்னேன். வந்து கூப்பிடற வரைக்கும் நகராதேன்னேன். அங்கயேதான் நின்னா. நான் கூப்பிட மறந்துட்டேன். தப்பா எண்ணிட்டுப் போயிட்டேன். அவ பேச்சு மீறினான்னு எழுதினது பொய்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. பிருந்தாவையும் பார்க்கவில்லை. தறி நின்றது. மகன் வந்து கதவருகே நின்றான், முகம் சிவந்திருந்தது. எது வந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

"நகரலையா?" என்றார் ராமாத்தாள்.

"நகரலைங்க."

"அவ அப்பிடித்தான்." மகனைப் பார்த்துச் சொன்னார். "நான் சொன்னேனில்ல? அவ சொன்ன பேச்சு கேக்கற புள்ளையின்னு. உங்கப்பன் சாகற வரைக்கும் அவளத் திட்டிட்டே செத்தாரு. சொன்னா ஒருத்தரும் நம்புலீல்ல."

பிறகு என் பக்கம் திரும்பினார். மன்னிப்பதாகவோ மாட்டேன் என்றோ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"அன்னிக்கு எழுதினாப்பல இதையும் எழுதிக் குடுங்க டீச்சர்" என்றார். "கையெழுத்துப் போட்டு. எனக்குப் படிக்கத் தெரியாது. ஊருல படிச்சுக் காட்டோணும்."

கைப்பையில் இந்த நோட்டு மட்டும்தான் இருந்தது. அங்கேயே, அவர் கட்டிலில் உட்கார்ந்து எழுதினேன். முதல் வரியில் அவள் முழுப் பெயர், வகுப்பு, பிரிவு. கடைசியில் என் பெயர், தேதி. மருமகள் சத்தமாகப் படித்துக் காட்டினாள். ராமாத்தாள் இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

இன்றைய பதிவுக்கு முன்னால் ஒரு பக்கம் கிழிந்திருப்பது அதனால்தான்.